எல்லைக்கு வெளியே நீட்டிய கால்கள்

1921ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை மாலை நாலரை மணியிலிருந்து, ஹார்ன்கோமில் பிறந்த யாரும் ஹார்ன்கோமை விட்டு வெளியே போனதில்லை. அன்று முட்டை டஜன் இரண்டு ஷில்லிங். விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் வண்டிக்கார ஆமோஸ் பிட். நீர்க்கீரைக் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்கு ரயிலடிக்குக் கிளம்பியவர், ஆறாவது எல்லைக் கல்லைத் தாண்டிய அடுத்த நொடி, கையில் சவுக்கோடு நம் ஊர்க் குளத்தங்கரையில் தேவாலயத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். குதிரை வெளியூர்ச் சந்தையில் வாங்கியது; அது பாட்டுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கீரை வாடவில்லை. ஆமோஸ் மட்டும் அன்று நான்கு முறை கிளம்பி நான்கு முறை குளத்தங்கரைக்கு வந்தார். ஐந்தாவது தடவை சாராயக்கடைக்குப் போய்விட்டார்.

ஊரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அரசக் கணக்கெடுப்பில் ஒன்றரை வரி இருக்கிறது: ஒரு மாவு ஆலை, பதினாறு குடும்பம், வருஷத்துக்கு நாற்பது விலாங்கு மீன். இப்போது நாற்பத்தொரு வீடு. தேவாலயக் கோபுரம் வடக்கே சாய்ந்திருக்கிறது, ஐந்து மணிகளில் ஒன்று விரிசல். மணி அடிப்பதும் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுவதும் நான்தான். ஊருக்குப் பதினோரு எல்லைக் கற்கள். ஒவ்வொரு மே மாதமும் ஊரே திரண்டு, வில்லோ மரக்குச்சிகளோடு எல்லையைச் சுற்றிவந்து ஒவ்வொரு கல்லையும் அடிப்பது வழக்கம். எனக்கு எட்டு வயதானபோது ஆறாவது கல்லில் என் தலையை முட்டினார்கள். கல் எங்கே இருக்கிறது என்று சாகும்வரை மறக்கக் கூடாதாம். மறக்கவில்லை.

பதினோராவது கல்லுக்கும் முதல் கல்லுக்கும் நடுவே நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியில் ஸ்கீட் பண்ணையின் அடுப்படி இருக்கிறது. வீட்டில் பாதி ஹார்ன்கோம், பாதி ஸ்டோக்லி ஊர். எல்லை சுற்றி வருகிறவர்களுக்கு அந்த அடுப்படியில் ஒரு பீப்பாய் பீர் கொடுப்பது ஸ்கீட் குடும்பத்தின் முறை. ஒன்பது மைல் நடந்து வந்தவர்கள் பீப்பாயைக் கண்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். அது காலியான பிறகு மிச்சம் நாற்பது அடி இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் வராது. இப்படியே முந்நூறு வருஷம். வட்டம் முழுசாக மூடவே இல்லை. ஊரில் காற்றோட்டம் இருந்தது அந்த இடைவெளியால்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1921இல் புதுப் பாதிரியார் வந்தார், ஹோல்ரூட் என்று பெயர். குடியைத் தொடாதவர்; மற்றவர்கள் தொடுவதையும் பொறுக்காதவர். ஊர்வலத்துக்கு பார்லித் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டார். டோர்கஸ் ஸ்கீட், அப்போது முப்பத்தாறு வயது விதவை, வழக்கம்போல் பீப்பாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். பாதிரியார் கண்ணைக் காட்ட, தேவாலய நிர்வாகி சைலஸ் கார்லண்ட் பீப்பாயைக் காலால் உதைத்துக் கவிழ்த்தார். பீர் வாசல் சாக்கடையில் ஓடியது; வாத்துகள் இரண்டு நாள் நேராக நடக்கவில்லை. நிதானம் தவறாத நாற்பத்தேழு பேர் அவள் அடுப்படிக்குள் புகுந்து, மேசையைச் சுற்றி, பின்கதவு வழியாகப் போய் முதல் கல்லை அடித்தோம். அப்போது மணி நாலரை.

அதன்பிறகு செய்யாத வித்தையில்லை. மறு வருஷம் இரண்டு பீப்பாய் வைத்துக் குடித்துப் பார்த்தார்கள், எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்கள், கல்லைப் பிடுங்கி, பயந்து, திரும்ப நட்டார்கள். டோர்கஸின் அடுப்படி மட்டும் திறக்கவே இல்லை. பேராயர் வந்து பார்த்தார், ஆட்டிறைச்சி சாப்பிட்டார், போய்விட்டார். அவர் வேறு ஊரில் பிறந்தவர். 1923இல் பாதிரியார் ஹோல்ரூட்டும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு வழி தெரிந்தது. எனக்கு இன்றுவரை அந்த மனிதரை மன்னிக்க மனசு வரவில்லை, ஜெபத்திலும் வரவில்லை. விதிமுறை எங்களுக்குப் போகப்போகப் பிடிபட்டது. கை வெளியே போகும், கால் போகும், தோள்கூடப் போகும். தலை தாண்டினால்தான் குளத்தங்கரை. ஆகவே ஸ்டோக்லிக்காரர்களோடு கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கை குலுக்கினோம், வெண்ணெய் வாங்கினோம், சண்டை வந்தால் கல்லெறிந்தோம். வெளியிலிருந்து கடிதம் வந்தது, செய்தித்தாள் வந்தது, தையல் இயந்திரம் விற்கிறவர்கள் வந்தார்கள். எல்லோரும் தேநீர் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, எங்களால் முடியாததை ஒரு யோசனையும் இல்லாமல் செய்துவிட்டுப் போனார்கள்.

1931இல் சைலஸ் கார்லண்டின் மனைவிக்குக் குடல்வால் வீங்கியது. ஆஸ்பத்திரி ஒன்பது மைல். ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. பாதி வழியில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தால் போர்வை மட்டும் இருந்தது. அவளைக் குளத்தங்கரைப் புல்லில் கண்டெடுத்தோம், இரவு உடையோடு. அவள் மகள் ஹெப்ஸிக்கு அப்போது பதினைந்து வயது. அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நகரத்திலிருந்து மருத்துவர் வரும்வரை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் இறப்பை எழுதத்தான் பயன்பட்டார்.

ஹெப்ஸி வளர்ந்தாள். 1938இல் மின்கம்பம் நட வந்த நெட் வார்லியைக் கல்யாணம் செய்துகொண்டாள். நெட் பிரிஸ்டலில் பிறந்தவன்; வாரம் முழுக்க வெளியூரில் வேலை, சனிக்கிழமை வருவான். அடுத்த வருஷம் போர் தொடங்கியது. பட்டாளத்து லாரி வந்து நம் ஊர் வாலிபர்கள் பத்தொன்பது பேரை ஏற்றிப் போனது. முகாமில் லாரியைத் திறந்தால் பத்தொன்பது பை, ஒரு ஆளில்லை. இங்கே பத்தொன்பது பேரும் குளத்தங்கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மூன்று முறை முயன்றுவிட்டு, போக்குவரத்துச் சிக்கல் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தாய்மார்கள் வெளியே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் முழங்காலிட்டு நன்றி சொன்னார்கள். டோர்கஸின் ஒரே மகன் வில்ஃப் மாடியில் கிழக்கு அறையில் பிறந்தவன். கிழக்கு அறை ஸ்டோக்லியைச் சேர்ந்தது. அவன் போனான். 1940 ஜூனில், பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் இறந்தான்.

அந்த அக்டோபரில் ஹெப்ஸி என்னிடம் வந்தாள். எட்டு மாதம். பதிவேட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, இதில் ஹார்ன்கோம் என்று நீ எழுதக் கூடாது என்றாள். எழுதாமல் விட்டால் மட்டும் குழந்தை வெளியே போய்விடுமா என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள், ஸ்கீட் வீட்டு அடுப்படியை யோசித்துவைத்திருப்பதை. தன் தலை உள்ளே, கால் வெளியே. குழந்தை தலை நீட்டுகிற இடம் ஸ்டோக்லி. இருபது வருஷமாக ஊரிலுள்ள ஆண்கள் குடித்தும் கல்லைப் பிடுங்கியும் பார்த்திருந்தோம். இந்த யோசனை ஒருத்தனுக்கும் வரவில்லை.

துணைக்கு நானும் போனேன். டோர்கஸ் வாசலில் உட்கார்ந்து கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஸ்கீட்டம்மா, உங்க அடுப்படி மேசை ஒரு நாளைக்கு வேணும்."

"எதுக்கு? உங்கப்பன் இன்னொரு பீப்பாயைக் கவுக்கணுமாமா?"

"புள்ளை பெத்துக்க."

டோர்கஸின் கை நின்றது. "வாசல்ல ஆஸ்பத்திரின்னு பலகை போட்டிருக்கா? கண்ணு தெரியலையா உனக்கு? ஏய் மணியடிக்கிறவனே, நீயாவது படிச்சுச் சொல்லு."

ஹெப்ஸிதான் சொன்னாள், கால் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று, வெட்கப்படாமல். டோர்கஸ் கேட்டு முடித்தாள். இறகுகளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"என் வில்ஃப் எங்க பொறந்தான் தெரியுமில்ல? மாடில, கிழக்கு ரூம்ல. கட்டிலை அஞ்சடி இந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தேன்னா, இன்னிக்கு உங்க பயலுவளோட குளத்தாண்ட குந்தி சீட்டாடிக்கிட்டு இருப்பான். போக முடிஞ்சுது, போய்ட்டான். அந்தப் பாக்கியந்தான் உன் புள்ளைக்கும் வேணுமா? அதைக் கேக்கவா ஏறி வந்தே?"

ஹெப்ஸி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா என் மடியில செத்தா, ஸ்கீட்டம்மா. ஒம்பது மைல்ல ஆஸ்பத்திரி. நான் உங்களோட வழக்காட வரலை. போறதும் இருக்கறதும் அது பாடு. எனக்குக் கதவு தொறந்திருக்கணும், அவ்வளவுதான்."

"தொறந்து விட்டுப் போயிருச்சுன்னா?"

"அழுவேன்."

டோர்கஸ் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். "மேசை ஓக் மரம். நீங்களே நகத்திக்கோங்க, எனக்கு இடுப்பு ஆவாது. உங்கப்பனை வரச் சொல்லு. பீப்பாயோட வரச் சொல்லு, ரொப்பி."

சைலஸ் கார்லண்டுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. சாராயக்கடையில் போர்க்காலத்துத் தண்ணி பீர் ஒரு பீப்பாய் வாங்கி, அரை மைல் மேட்டில் உருட்டிக்கொண்டு போனார். வழிநெடுக ஊர் வேடிக்கை பார்த்தது. டோர்கஸ் ஒரு குவளையை நிரப்பி அவர் கையில் கொடுத்து, குடிக்கிறவரை எதிரில் நின்றாள். இருபது வருஷ விரதம் அன்று போயிற்று. இரண்டாவது குவளையை அவராகவே கேட்டார்.

எல்லைக்கோட்டைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அடுப்படித் தரையில் பழைய வெட்டுக்குறி ஒன்று இருந்தது. ஆனால் தரைக்கல்லை யாரோ ஒரு ஸ்கீட் எப்போதோ மாற்றிப் போட்டிருக்கிறான். ஹெப்ஸியை நடக்கவிட முடியாது. உள்ளே பிறந்தவன் நான். தலையை அங்குலம் அங்குலமாக நீட்டினேன், நான் மறைந்த இடத்தில் டோர்கஸ் சாக்கட்டியால் கோடு போட்டாள். ஒவ்வொரு தடவையும் குளத்தங்கரையிலிருந்து அரை மைல் ஏறி வந்தேன். பதினொரு தடவை. கடைசியில் கோடு பழைய குறியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி விழுந்தது. எல்லை சுற்றிவருகிற ஊரில் பிறந்ததற்கு என்னால் ஆன உபயோகம் இது ஒன்றுதான்.

நவம்பர் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு வலி எடுத்தது. மேசையைக் கோட்டின்மேல் குறுக்கே போட்டிருந்தோம். ஹெப்ஸியின் தலையும் மார்பும் ஹார்ன்கோமில், இடுப்பும் காலும் ஸ்டோக்லியில். நெட்டும் சைக்கிளில் வந்த நர்ஸும் கால்மாட்டில். தலைமாட்டில் டோர்கஸ், இரண்டு கைகளையும் ஹெப்ஸியின் அக்குளில் கொடுத்துப் பிடித்திருந்தாள். வலியில் வழுக்கித் தலை கோட்டைத் தாண்டிவிட்டால், நிறை சூலி அப்படியே குளத்தங்கரைக் குளிரில் கிடப்பாள். "இந்தப் பக்கம் இருடி! இந்தப் பக்கம்!" என்று டோர்கஸ் கத்திக்கொண்டே இருந்தது கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. ஒரு தடவை அலறல் பாதியில் நின்றுபோனதும் என் உயிர் போயிற்று. தலைமுடி மட்டும் கோட்டைத் தாண்டியிருக்கிறது; டோர்கஸ் இழுத்துவிட்டாள். அந்த இழுப்பில் அவள் தோள்பட்டை விலகியது, கடைசிவரை சரியாகவில்லை. இரண்டே கால் மணிக்குக் குழந்தை ஸ்டோக்லியில் தலை நீட்டியது. பெண்.

ஆனால் அது வெளியே பிறந்ததா என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? நம் ஊர் என்ன கணக்கு வைத்திருக்கிறதோ. நெட் குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டோக்லிச் சாலையில் மைல்கல்வரை போய்வருவது என்று ஏற்பாடு. குழந்தை நம்முடையது என்று ஊர் பிடித்து இழுத்தால், அது குளத்தங்கரையில்தான் வந்து விழும். ஆகவே என்னைக் கம்பளியோடு அங்கே ஓடச் சொன்னார்கள். ஓடினேன். கரையில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. தண்ணீரிலேயே முழங்கால்வரை இறங்கி, கம்பளியை இரு கைகளிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நவம்பர் மாதத் தண்ணீர். வாத்துகள் என்னைச் சுற்றி நீந்தின. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. நாற்பது நிமிஷம். பிறகு சைலஸ் மேட்டிலிருந்து தொப்பியை ஆட்டிக்கொண்டே இறங்கி வந்தார். குழந்தை மைல்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது, அப்பன் கையிலேயே, தூங்கிக்கொண்டு. வெறும் கம்பளியை மடித்துக்கொண்டு நடந்தபோது இருந்த சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெரில் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த இடம்: ஸ்டோக்லி. அதை எழுதியபோது பேனாவிலிருந்து ஒரு பொட்டு மை விழுந்தது. இன்னும் இருக்கிறது, பார்க்கலாம். அதன்பின் நம் ஊரில் வலி எடுத்த பெண்களெல்லாம் மேடேறினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மேசையில் முப்பத்தொரு பிரசவம். ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் டோர்கஸ், திட்டிக்கொண்டே. அந்தப் பிள்ளைகள் கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்து விளையாடினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கதவு திறந்திருந்தால் போகத்தானே செய்வார்கள். 1958இல் பள்ளிக்கூடத்தை மூடினோம். பெரில் 1960இல், பத்தொன்பது வயதில், கப்பல் கம்பெனி ஒன்றில் தட்டச்சு வேலைக்காகப் போனாள். ஆறாவது கல்லில் பேருந்து நின்றது. ஹெப்ஸி கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, கைகளை மட்டும் நீட்டி, மகளின் காலரைச் சரிசெய்தாள். பேருந்து போனதும் அழுதாள், சொன்னபடியே.

மூன்றாம் மாதம் பெரிலிடமிருந்து பொட்டலம் வந்தது. அவள் போட்டுத் தேய்ந்த காலணி. இரண்டு பேருக்கும் ஒரே அளவு. அதன்பின் ஊர் மாறும்போதெல்லாம் ஒரு ஜோடி அனுப்பினாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹெப்ஸி அதைப் போட்டுக்கொண்டு டோர்கஸின் அடுப்படிக்குப் போவாள். நாற்காலியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் போட்டு, கால்களை ஸ்டோக்லிக்குள் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் போவேன், தேநீர் நன்றாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் காலை உள்ளே இழுத்தால், அடிப்பாகம் சேறாக இருக்கும். பெரில் அன்று நடக்கிற லிவர்பூலில் மழை என்றால் ஈரம். துறைமுகம் என்றால் கரித்தூள். ஒரு தடவை சர்க்கஸ் கூடாரத்து மரத்தூள், ஒரு தடவை யாரோ தின்று போட்ட செர்ரிக்கொட்டை. பெரிலின் கடிதம் பின்னால் வந்து எல்லாவற்றையும் உறுதிசெய்யும். ஹெப்ஸிக்குக் கால் வலிக்கும், இரவு வென்னீரில் வைத்துக்கொள்வாள். டோர்கஸ்தான் சலித்துக்கொள்வாள். "உன் மவளுக்கு நல்ல ரோட்டுல நடக்கத் தெரியாதா? ஊர்க் குப்பையெல்லாம் என் தரையில." துடைப்பத்தால் கிழக்குக் கதவு வழியாகக் கோழிப்பட்டிக்குள் தள்ளிவிடுவாள். எங்கள் மூவரில் எங்கும் போகத் தடையில்லாதவள், வெளியூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட டோர்கஸ் ஒருத்திதான். வில்ஃப் இறந்த சேதி வந்த நாளிலிருந்து அவள் தன் வேலியைத் தாண்டியதில்லை.

1962 ஜூலை முதல் ஞாயிறு, ஹெப்ஸியின் காலணியிலிருந்து மணல் கொட்டியது. வெளிறிய, மாவு போன்ற மணல், நடுவில் கிளிஞ்சல் துண்டுகள். இரண்டு காலிலுமாகக் கை நிறைய. நாங்கள் மூவருமே கடலைப் பார்த்ததில்லை. டோர்கஸ் வைதுகொண்டே பெருக்கிக் கோழிப்பட்டியில் கொட்டினாள். வியாழக்கிழமை அஞ்சலட்டை வந்தது. பெரில் கப்பலில் பிரான்ஸுக்குப் போயிருந்தாள். ஸ்கீட்டம்மாவிடம் சொல், வில்ஃப் விழுந்த கடற்கரையை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன், ஞாயிறு பகல் முழுக்க அங்கே வெறுமனே நடந்தேன் என்று எழுதியிருந்தாள்.

ஹெப்ஸி அதை அடுப்படியில் வாசித்தாள். டோர்கஸ் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு மாவுச் சல்லடையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, கிழக்குக் கதவைத் திறந்து, கோழிப்பட்டிக்குள் மண்டியிட்டாள். எழுபத்தேழு வயது, விலகிய தோள். கோழிகள் நான்கு நாளாகக் கிளறிய மண். பட்டி எல்லையை ஒட்டி ஸ்டோக்லியில் இருக்கிறது. நாங்கள் உள்ளே போக முடியாது. ஹெப்ஸியும் நானும் வீட்டுக்கு வெளியே, பட்டியை ஒட்டிய எல்லையோரமாகக் குப்புறப் படுத்தோம். தலை ஹார்ன்கோமில், கைகள் ஸ்டோக்லியில். கைக்கு எட்டியவரை மண்ணை வாரி வாரி டோர்கஸின் சல்லடையில் போட்டோம். டோர்கஸ் அழுதாள், சல்லடையை நிறுத்தாமல். சாயங்காலத்துக்குள் ஜாம் பாட்டிலில் முக்கால் அளவு சேர்ந்தது. அதை அடுப்புக்கு மேலே அலமாரியில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மிச்சத்தைக் கோழிகள் தின்றிருந்தன. அந்த வாரம் முட்டை டஜன் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ். ஸ்கீட் பண்ணை முட்டையில் மட்டும் லேசாகக் கடலுப்புக் கரித்தது, மறு வசந்தம்வரை. ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. உப்புப் போடாமல் வேகவைத்துத் தின்றோம்.